இரும்புக் கால், தேக்குத் தட்டு: வெடிக்காத, ஆடாத மேஜை செய்வது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1500 × 750 மி.மீ. அளவில் தேக்குத் தட்டு. அதன் இரு முனையிலும் சதுரக் குழாயில் செய்த, கவிழ்த்த 'ப' வடிவக் கால் ஒவ்வொன்று. ஒவ்வொரு காலின் தலையிலும் 600 மி.மீ. நீளப் பட்டை இரும்பு, அதில் ஆறு ஓட்டை, ஆறு திருகாணி, எல்லாம் நன்றாக முறுக்கப்பட்டவை. ஆறாவது மாதம் தட்டு நடுவில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. ஒரு முனையில் கைவைத்துத் தள்ளினால் மேஜை நீளவாக்கில் ஆடுகிறது. உங்களிடம் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், ஆங்கிள் கிரைண்டர், டிரில், நாலைந்து கிளாம்ப் இருக்கின்றன. அடுத்த மேஜையை எப்படிச் செய்வது, பழையதை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

வெடித்ததற்குப் பலகையைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஆறு திருகாணிதான் வெடிக்கவைத்தது.

தேக்கு பச்சை மரமாக இருந்து எலும்பாக உலரும்வரை, ஆண்டு வளையங்கள் ஓடும் வாட்டத்தில் ஏறத்தாழ 5.8 சதவீதம் சுருங்கும். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாட்டத்தில் ஏறத்தாழ 2.5 சதவீதம். நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான், அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். இந்தச் சுருக்கம் முழுவதும் மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு நடப்பது. ஆகவே ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலம் 5.8 ÷ 30, அதாவது 0.19 சதவீதம் மாறும். வீட்டுக்குள் ஈரமான பருவத்தில் 14 சதவீதமும் வறண்ட பருவத்தில் 8 சதவீதமும் என்று வைத்தால் வித்தியாசம் 6. உங்கள் 750 மி.மீ. தட்டில் அது 8.5 மி.மீ.க்கும் மேல். இரும்பு? 20 டிகிரி வெப்பம் ஏறி இறங்கினால் அதே 750 மி.மீ.யில் 0.18 மி.மீ. ஈரத்துக்கு இரும்பு அசைவதே இல்லை.

இப்போது அந்தப் பட்டையை நினைத்துப் பாருங்கள். அது நார் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. இரு ஓரத் திருகாணிகளும் பலகையைப் பிடித்து வைத்திருக்க, நடுவில் இருக்கும் மரம் சுருங்கப் பார்க்கிறது. நாருக்குக் குறுக்காக இழுத்தால் மரத்துக்குப் பலமே கிடையாது. விறகு பிளப்பது அதனால்தான் சுலபம். ஈரமான பருவத்தில் செய்த மேஜை வறண்ட பருவத்தில் வெடிக்கும். வறண்ட பருவத்தில் செய்தது ஈரமான பருவத்தில் வெடிக்காது, ஆனால் நடுவில் மேடுகட்டும், இல்லாவிட்டால் திருகாணியின் கழுத்தை ஒடிக்கும். திருகாணியின் எண்ணிக்கையைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எனவே மரத்தையும் இரும்பையும் சேர்த்துச் செய்யும் எந்தச் சாமானிலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது இரண்டும் சந்திக்கும் இடத்தை. மரத்தை மேலும் கீழும் அசையாமல் பிடிக்க வேண்டும். குறுக்கு வாட்டத்தில் நழுவ விட வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பலகையிலிருந்து ஆரம்பிக்கலாம். வாங்கும்போது பலகையின் முனையைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் அகலமான முகத்தோடு படுத்துக் கிடந்தால் மேலே சொன்ன 0.19 கணக்கு. வளையங்கள் நெட்டுக்குத்தாக நின்றால் 2.5 ÷ 30, அதாவது 0.08. அசைவு பாதிக்கும் கீழே வந்துவிடும், பலகை குழிவதும் குறையும். நின்ற வளையப் பலகை கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் படுத்ததை வைத்தும் செய்யலாம். இணைப்பு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளுத்த புறமரம் இருக்கும் ஓரத்தை அறுத்துத் தள்ளுங்கள், பூச்சி முதலில் நுழைவது அங்கே.

ஈரம் அளக்க ஊசி வைத்த மீட்டர் போதும். முனையில் குத்தாதீர்கள், அங்கே எப்போதும் குறைவாகவே காட்டும். ஒரு துண்டை வெட்டி, புதிதாக வெட்டிய முகத்தின் நடுவில் குத்துங்கள். மீட்டர் இல்லையென்றால் தராசு போதும். 100 கிராம் அளவிலான துண்டை எடைபோட்டு, ஓவனில் 103 டிகிரியில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். 118 கிராம் இருந்தது 104 கிராமில் நின்றால், இழந்தது 14. 14 ஐ 104 ஆல் வகுத்தால் 13.5 சதவீதம். காய்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும், ஈர எடையால் அல்ல. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக நிலைத்திருக்கும் அறையில் மரம் 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும். 40 சதவீதமென்றால் 7 அல்லது 8. 80 சதவீதமென்றால் 16 அளவில். உங்கள் அறை எங்கே நிற்கிறதோ அதற்கு 2 சதவீதத்துக்குள் பலகை வரட்டும். பலகைகளுக்கு நடுவே 20 மி.மீ. ரிப்புகளை (ஒல்லியான மரச் சட்டங்களை) 400 மி.மீ.க்கு ஒன்றாக, நேருக்கு நேர் வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். ரிப்பு ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக இல்லாவிட்டால் அடுக்கிய இடத்திலேயே பலகை வளையும்.

தட்டின் இறுதிக் கனம் 30 மி.மீ. என்றால் கரடாக 36 முதல் 38 மி.மீ. இருக்க வேண்டும். 128 மி.மீ. அகலத்தில் ஆறு பலகை: 768. ஒட்டிய பிறகு 750க்கு அறுத்துக்கொள்ளலாம். பலகைகளை அடுக்கும்போது வளையத்தை மாற்றி மாற்றி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைக்க வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். அதைவிட முக்கியம், எல்லாப் பலகையின் நாரும் ஒரே பக்கம் எழும்படி வைப்பது. இல்லையென்றால் இழைப்புளி ஒரு பலகையில் வழுக்கிக்கொண்டு போகும், பக்கத்துப் பலகையில் பிய்த்தெடுக்கும். தட்டு குழியாமல் பார்த்துக்கொள்வதைக் கீழே இருக்கும் இரும்புச் சட்டம் செய்யும்.

ஒட்டும் விளிம்புகளை இழைத்தபின் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். நடுவில் அரை மி.மீ. இடைவெளியும் முனைகளில் இறுக்கமும் இருப்பது நல்லது, ஏனென்றால் முனைகள்தான் முதலில் காய்ந்து பிரியப் பார்க்கும். முனையில் இடைவெளி தெரிந்தால் மறுபடி இழையுங்கள். முனையில் கிளாம்பால் இழுத்து மூடிய இடைவெளி பின்னாளில் திறந்துகொள்ளும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பு ஏறுவது குறையும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். மறுநாள் வரை விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். டி3 தரப் பிவிஏ பசை (ஈரம் தாங்கும் வெள்ளை மரப்பசை) போதும். இரு முகத்திலும் மெல்லிய படலம், 200 முதல் 250 மி.மீ.க்கு ஒரு கிளாம்ப், ஒன்று மேலே ஒன்று கீழே மாற்றி மாற்றி. எல்லாம் மேலேயே போட்டால் தட்டு வில்லாக வளையும். இணைப்பு முழுக்கச் சின்ன மணிமணியாகப் பசை வெளியே வந்தால் அழுத்தம் சரி. வழிந்து ஓடினால் பசை அதிகம். வரவே இல்லையென்றால் பசை குறைவு. உங்களிடம் இருக்கும் நாலைந்து கிளாம்புக்கு ஆறு பலகையையும் ஒரே மூச்சில் ஒட்ட முடியாது, பசை அதற்குள் தோல்கட்டிவிடும். மூன்று மூன்றாக இரண்டு பாதி செய்து, மறுநாள் இரண்டையும் சேருங்கள். ஒரு மணி நேரத்தில் கிளாம்பை எடுத்துவிடலாம். இழைப்பது 24 மணி நேரம் கழித்து.

இனி சட்டம். உங்கள் மேஜை நீளவாக்கில் ஆடியதற்குக் காரணம், இரண்டு 'ப'வையும் இணைக்க மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதது. குறுக்கு வாட்டத்தில் ஒவ்வொரு 'ப'வும் தன்னளவில் விறைப்பாக நிற்கும். நீள வாட்டத்தில் அந்தப் பட்டையின் சில சென்டிமீட்டர் அகலமும் திருகாணியும்தான் பிடித்திருந்தன. கனமான குழாய் போட்டாலும் இது தீராது. நீளச் சட்டம் வேண்டும், அதுவும் நிமிர்ந்து நிற்க வேண்டும். 50 × 25 × 2 மி.மீ. செவ்வகக் குழாயை 50 பக்கம் செங்குத்தாக நிறுத்தினால், படுக்கவைப்பதைவிட மூன்று மடங்கு விறைப்பு. அதே இரும்பு, அதே எடை.

நான்கு பக்கமும் 100 மி.மீ. தட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கட்டும். சட்டத்தின் வெளி அளவு 1300 × 550. வெட்ட வேண்டியவை:

கால்: 40 × 40 × 2 குழாய், 700 மி.மீ., நான்கு.
நீளச் சட்டம்: 50 × 25 × 2, 1220 மி.மீ., இரண்டு.
குறுக்குச் சட்டம்: அதே குழாய், 470 மி.மீ., இரண்டு.
நடுக் குறுக்கு: அதே குழாய், 494 மி.மீ., ஒன்று.
காலின் மேல்மூடி 40 × 40 × 3 தகடு நான்கு, அடித்தகடு 40 × 40 × 5 நான்கு.
பிடிப்புத் துண்டு (தட்டைச் சட்டத்தோடு பிடிப்பது): 40 × 5 பட்டை, 50 மி.மீ. நீளம், ஒன்பது.

உயரக் கணக்கு: 700 கால், 3 மூடி, 5 அடித்தகடு, 12 திருகும் பாதம், 30 தட்டு, மொத்தம் 750. நடுக் குறுக்கு ஏன் 494 என்றால், நீளச் சட்டத்தைக் காலின் வெளிமுகத்தோடு சமமாக வைக்காமல் 3 மி.மீ. உள்ளே தள்ளி வைப்பதால்: 550 − 2 × (3 + 25). அந்த 3 மி.மீ.க்கு இரண்டு பலன். வெல்டு அந்த மூலையில் உட்கார்ந்துகொள்ளும், தேய்க்கத் தேவையில்லை. சமமாக வைத்துப் பற்றவைத்துப் பளபளவென்று தேய்ப்பவர்கள் பலர், வெல்டின் பலத்தில் பாதியைத் தேய்த்தே எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது, கால் அரை மி.மீ. முன்பின் இருந்தாலும் அந்த நிழல்கோட்டில் கண்ணுக்குத் தெரியாது.

குழாயை வெட்டக் கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல். குழாயைச் சுற்றி நாலு முகத்திலும் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு முகமாக வெட்டுங்கள். ஒரே வீச்சில் மேலிருந்து கீழே இறக்கினால் அடிப்பக்கம் 2 மி.மீ. கோணிவிடும். ஒரே நீளத் துண்டுகளை, கால்கள் நான்கையும், சேர்த்து நிறுத்திப் பார்த்து நெட்டையாக இருப்பதை அரத்தால் சரிசெய்யுங்கள்.

வெல்டுக்கு முன் முனையிலிருந்து 25 மி.மீ. வரை கருப்புச் செதிலும் எண்ணெயும் போக வேண்டும். செதிலை 80 எண் ஃபிளாப் வீல் எடுக்கும். எண்ணெயை அசிட்டோன் எடுக்கும், அது முழுக்க ஆவியான பிறகே வெல்டிங். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பை ஒருபோதும் பற்றவைக்காதீர்கள், ஆர்க்கின் வெப்பத்தில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். துத்தநாகம் பூசிய குழாயும் வேண்டாம். அந்த வெள்ளைப் புகை சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும்.

2 மி.மீ. குழாய்ச் சுவருக்கு இ6013 வெல்டிங் ராடு, 2.5 மி.மீ. என்றால் 60 முதல் 70 ஆம்ப், 2 மி.மீ. ராடு என்றால் 40 முதல் 55. டிசி மெஷினில் ராடை நெகட்டிவில் போடுங்கள், ஊடுருவல் குறைந்து ஓட்டை விழுவது குறையும். தொடர்ச்சியாக நீளக் கோடு இழுக்காமல் 15 முதல் 20 மி.மீ. போட்டு நிறுத்தி, எதிர்மூலைக்குப் போய்விட்டு வாருங்கள். முதலில் இரண்டு கால், ஒரு குறுக்குச் சட்டம் என்று முனைச் சட்டம் இரண்டைத் தரையில் படுக்கவைத்துச் செய்வது நல்லது. கான்கிரீட்டின் மேல் நேரடியாக வேண்டாம், சூட்டில் உள்ளிருக்கும் ஈரம் விரிந்து சில்லுத் தெறிக்கும். இரண்டு நேரான குழாயை அடியில் போட்டு, அதன்மேல் வைத்துக் கிளாம்ப் போடுங்கள். காலின் மூடியை முன்பே பற்றவைத்துத் தட்டையாக்கியிருந்தால், சட்டத்தின் மேல்முகத்தை அந்த மூடியோடு சமமாக வைக்கலாம்.

கால் உள்நோக்கி இழுத்துக்கொள்வதுதான் எல்லாருக்கும் வரும் தொல்லை. வெல்டு ஆறும்போது சுருங்கும். எந்தப் பக்கம் வெல்டு அதிகமோ அந்தப் பக்கம் கால் சாயும். சட்டத்தின் அடிமுகத்தில் போடும் வெல்டு காலின் உள்பக்கத்தில் இருப்பதால் அது காலை உள்ளே இழுக்கிறது. 700 மி.மீ. நீளக் காலில் மேலே அரை மி.மீ. இழுவை அடியில் பல மி.மீ. ஆகிவிடும். இதற்கு 470 மி.மீ.க்குத் துல்லியமாக வெட்டிய ஒரு குழாய்த் துண்டை இரண்டு காலின் அடியில் நிறுத்தி, வெளியிலிருந்து கிளாம்ப் போட்டுவிடுங்கள். முதலில் நாலு முகத்திலும் டேக் (பிடித்து நிற்க மட்டும் ஒரு சொட்டு வெல்டு), பிறகு பக்கவாட்டு முகங்கள், பிறகு மேல்முகம், அடிமுகம் கடைசியில். கை பொறுக்கும் சூடு வரும்வரை கிளாம்பை அவிழ்க்காதீர்கள்.

பிறகு நீளச் சட்டங்களோடு சேர்த்து டேக் போட்டதும் மூலைவிட்டம் அளக்க வேண்டும். 1300 × 550க்கு 1411.6 மி.மீ. எண்ணை விடவும் இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருப்பது முக்கியம், 1 மி.மீ. வித்தியாசம் வரை விட்டுவிடலாம். கூடினால் நீளமான மூலைவிட்டத்தில் கிளாம்ப் போட்டு இழுங்கள், டேக் நெளிந்து கொடுக்கும். முழு வெல்டுக்குப் பிறகு எதுவும் நெளியாது. மேல்முக வெல்டுகளை மட்டும் தட்டையாகத் தேயுங்கள், அங்கே பலகை உட்கார வேண்டும். குழாயை முழுக்க மூடி அடைக்கும்போது கடைசித் துளி வெல்டு புஸ்ஸென்று ஊதிக்கொண்டு வெளியே வரும். உள்ளே சூடான காற்றுக்குப் போக்கிடம் இல்லாததால் அப்படி. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று முன்பே போட்டுவிடுங்கள்.

இப்போது பிடிப்புத் துண்டு. முழு மேஜையும் இதை நம்பித்தான் இருக்கிறது.

ஒன்பது துண்டில் மூன்றில் வட்ட ஓட்டை, 7 மி.மீ. இவை இரண்டு குறுக்குச் சட்டத்தின் நடுவிலும் நடுக் குறுக்கின் நடுவிலும் வரும், அதாவது தட்டின் அகலத்தின் நட்ட நடுக்கோட்டில். பலகை இந்தக் கோட்டில் பிடிபட்டிருக்கும். இங்கிருந்து இரு பக்கமும் சமமாக விரியும், சுருங்கும். மீதி ஆறு துண்டு நீளச் சட்டத்துக்கு மூன்று வீதம். இவற்றில் நீள்துளை. நீள்துளையின் நீளப்போக்கு மேஜையின் அகல வாட்டத்தில் இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு, துளையெல்லாம் விட்டும் வெடித்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. துண்டைப் பற்றவைப்பதற்கு முன் அதில் நார் ஓட்டத்தை ஒரு அம்புக்குறியாக வரைந்துவிடுங்கள், துளை அந்த அம்புக்குக் குறுக்கே நிற்க வேண்டும்.

நீள்துளை போடும் விதம்: இரண்டு புள்ளி, 8 மி.மீ. இடைவெளியில், பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 7 மி.மீ. டிரில், நிமிடத்துக்கு 1,000 சுற்று அளவில், ஒரு சொட்டு எண்ணெயோடு. நடுவில் 1 மி.மீ. சுவர் நிற்கும். அதை வட்ட அரத்தால் தேய்த்து எடுத்தால் 7 × 15 துளை கிடைத்துவிடும். எம்6 போல்ட் (6 மி.மீ. விட்டம்) அதில் இரு பக்கமும் 4.5 மி.மீ. நகரும். தேவை எவ்வளவு? துளையின் மையம் நடுக்கோட்டிலிருந்து 227 மி.மீ. தள்ளி வருகிறது, 227 × 0.0019 × 6 = 2.6 மி.மீ. தாராளமாகப் போதும். பற்றவைக்கும் முன்பே, வைஸில் வைத்து இதைச் செய்யுங்கள். பற்றவைத்த பின் மூலைக்குள் டிரில்லை நிமிர்த்த இடமிருக்காது.

துண்டைச் சட்டத்தின் மேல்முகத்தோடு சமமாகப் பற்றவைக்கக் கூடாது, 1 மி.மீ. கீழே இறக்கிப் பற்றவையுங்கள். சட்டத்தைக் கவிழ்த்து ஒரு சமமான பலகைமேல் வைத்து, ஒவ்வொரு துண்டின் அடியிலும் 1 மி.மீ. தகடு செருகினால் தானாக வந்துவிடும். துண்டு சமமாகவோ மேலேயோ இருந்தால் பலகை துண்டின்மேல் உட்காரும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் காகிதம் நுழையும் இடைவெளி தெரியும். 1 மி.மீ. கீழே இருந்தால் போல்ட் பலகையைச் சட்டத்தின்மேல் இழுத்து உட்காரவைக்கும்.

மரத்துக்குள் நேரடியாகத் திருகாணி வேண்டாம். கழற்றி மாட்ட மாட்ட மரப்புரி தேய்ந்துவிடும். எம்6 த்ரெட் இன்சர்ட் போடுங்கள், அதாவது வெளியே மரத்தைப் பிடிக்கும் புரியும் உள்ளே போல்ட்டுக்கான புரியும் கொண்ட பித்தளைக் குழல், 13 மி.மீ. நீளம் உள்ளது. அதற்கான ஓட்டை இன்சர்ட்டின் புரியை நீக்கிய உடல் விட்டம் எவ்வளவோ அவ்வளவு. தேக்கைவிடக் கடினமான மரமென்றால் அரை மி.மீ. கூட்டலாம். அதே மரத்தின் துண்டில் முதலில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓட்டையின் ஆழம் 17 மி.மீ., டிரில் பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே 13 மி.மீ. மரம் மிஞ்சும். இன்சர்ட்டைத் திருப்புளியால் திருகினால் பித்தளை வெட்டு உடையும், கோணலாகவும் இறங்கும். ஒரு எம்6 போல்ட்டில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, அதன்கீழ் இன்சர்ட்டை மாட்டி, ஸ்பேனரால் திருகி இறக்குங்கள். மெழுகு தடவினால் சுகமாக இறங்கும். முகத்துக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். சமமாக நிறுத்தினால், திருகும்போது எழும்பிய மரமும் பித்தளை விளிம்பும் முட்டுக்கொடுத்துப் பலகையைத் தூக்கிவிடும்.

ஓட்டை எங்கே என்று மரத்தில் குறிக்க, முடித்த சட்டத்தையே கவிழ்த்த தட்டின்மேல் வைத்து, நீள்துளையின் நடுவில் குறியுங்கள். ஈரம் இரண்டு பருவத்துக்கும் நடுவில் இருக்கும்போது செய்தால் நடு. மரம் மிகக் காய்ந்திருக்கும்போது செய்கிறீர்கள் என்றால் அது இனி விரியத்தான் போகிறது. குறியைத் துளையின் உள்முனைக்கு 2 மி.மீ. தள்ளி வையுங்கள். போல்ட் எம்6 × 20, 18 மி.மீ. அகல வாஷர், ஒரு ஸ்பிரிங் வாஷர். கையால் இறுகியபின் கால் சுற்று. அதற்குமேல் முறுக்கினால் நீள்துளை இருந்தும் இல்லாத கதைதான்.

அழகுக்காகத் தட்டைச் சுற்றி இரும்பு விளிம்பு கட்டும் எண்ணம் இருந்தால், கெட்டி மரத்தில் விட்டுவிடுங்கள். நான்கு மூலையும் பற்றவைத்த சட்டத்துக்குள் 8 மி.மீ. அசையும் பலகையை அடைத்தால், ஒரு பருவத்தில் மூலை வெல்டு பிளக்கும், அடுத்த பருவத்தில் விரல்நகம் நுழையும் சந்து தெரியும். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் பிளைவுட் தட்டு போடுங்கள்.

பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு விஷயம் தவிர. தட்டின் அடிமுகத்துக்கும் மேல்முகத்துக்கும் ஒரே பூச்சு, ஒரே எண்ணிக்கை. மேலே மூன்று பூச்சு, அடியில் வெறும் மரம் என்றால் அடிமுகம் மட்டும் ஈரத்தைக் குடித்துக் கக்கி, தட்டு குழியும். உப்புத்தாள் 80, 120, 180. நார் அறுபட்டுத் தெரியும் பலகை முனைக்கு 240 வரை, இல்லையென்றால் பூச்சைக் குடித்து முனை கருத்துத் தெரியும். இரும்பில் கருப்புச் செதில் முழுக்கப் போகவேண்டும், பிறகு துத்தநாக பாஸ்பேட் பிரைமர், அதன்மேல் இரண்டு பூச்சு. வெறும் இரும்பின்மேல் நிறமில்லாத வார்னிஷ் அடித்தால் சில மாதத்தில் அதன் அடியில் சிலந்திக்கால் போலத் துரு ஓடும்.

தேக்கிலும் ஓக்கிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மை போலக் கருக்கும். பெயின்ட் அடித்த சட்டம் தொடுவதால் ஒன்றும் ஆகாது. கிரைண்டர் தூள்தான் எதிரி. கண்ணுக்குத் தெரியாமல் பலகைமேல் படிந்த இரும்புப் பொடி, ஈரத்துணி பட்டதும் கருப்புப் புள்ளியாக வெளிவரும். வந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துக் கையுறையோடு தடவி, சுத்தமான தண்ணீரால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். அமிலத்தின் பொடி நச்சு, காய்ந்தபின் உப்புத்தாள் போடும்போது முகமூடி அவசியம்.

கறையைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு, மர வேலையையும் இரும்பு வேலையையும் வேறுவேறு நாளில் வைத்துக்கொள்ள. மரத்தூளுக்குள் விழுந்த தீப்பொறி புகையாமல் மணிக்கணக்கில் கனன்று, நீங்கள் கதவைப் பூட்டிப் போன பிறகு பற்றும். வெல்டிங் நாளில் தூளைக் கூட்டி வெளியேற்றிவிட்டு ஆரம்பியுங்கள், முடிந்தபின் ஒரு மணி நேரம் பட்டறையிலேயே இருங்கள். மரத்தூள் உறிஞ்சும் வாக்குவத்தை இரும்பு கிரைண்டரோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள்.

பழைய மேஜைக்கு வருவோம். வெடிப்பில் மக்கோ எபாக்ஸியோ அடைக்காதீர்கள். வறண்ட பருவத்தில் திறந்த வெடிப்பைக் கெட்டியாக அடைத்தால், மரம் மறுபடி விரியும்போது அடைப்பு ஆப்பு மாதிரி வேலைசெய்து வெடிப்பை மேலும் நீட்டும். தட்டைக் கழற்றி, வெடிப்பின் வழியே நீளவாக்கில் முழுக்க அறுத்து, இரண்டு விளிம்பையும் இழைத்து மறுபடி ஒட்டுங்கள். 6 முதல் 8 மி.மீ. அகலம் குறையும், யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. கால் பட்டையில் இருக்கும் ஆறு ஓட்டையில் நடு இரண்டை அப்படியே விட்டு, மற்ற நான்கையும் பட்டையின் நீளவாக்கில் 7 × 15 துளையாக்குங்கள். பட்டை மேஜைக்குக் குறுக்கே கிடப்பதால் அந்த வாட்டம்தான் சரி. மரத்தைத் தூர வைத்துவிட்டு, இரண்டு 'ப'வுக்கும் நடுவே பட்டைக்குக் கீழே இரு பக்கமும் 50 × 25 குழாயை நிமிர்த்திப் பற்றவையுங்கள். பழைய திருகாணி ஓட்டைகளை அடைக்கத் தேவையில்லை. அந்த இடத்திலேயே எம்6 இன்சர்ட்டுக்கான பெரிய ஓட்டையைப் போட்டால் பழையதை அது விழுங்கிவிடும்.